முத்தும் உப்பும்

தூத்துக்குடிக்குத் திருமந்திர நகர் என்றும் ஒரு பெயர் வழங்கிவருகிறது. சங்கரராமேசுவரரும் பாகம்பிரியாளும் எழுந்தருளியிருக்கும் அவ்வூரில், காலை வழிபாட்டை முடித்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடப்பவரின் உதட்டில் காற்றே உப்பைக் கொண்டுவந்து பூசிவிடும். ஊரைச் சுற்றி உப்பளங்கள். பாத்தி கட்டித் தேக்கிய கடல்நீரை வெயில் காய்ச்சி வெள்ளைக் குவியலாக்கித் தருகிறது. அதே கடலில், கரையிலிருந்து சில மைல் தொலைவில், நீருக்கடியில் பரந்து கிடக்கும் பாறைத் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். அங்கேதான் முத்துச்சிப்பி விளைந்தது.

கடல் ஒன்று; அது கொடுத்த பொருள்கள் இரண்டு. உப்பில்லாமல் கூலியாளின் கஞ்சியும் இறங்காது, மடைப்பள்ளிப் புளியோதரையும் ஆகாது. உப்பில்லாத நிவேதனத்தை விரும்பி ஏற்பவர் திருவிண்ணகரத்து ஒப்பிலியப்பர் ஒருவர்தாம். முத்தைக் கண்ணால்கூடக் காணாமல் எத்தனையோ கோடிப் பேர் பிறந்து, வாழ்ந்து, நிறைவாகவே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். என்றாலும் உலகம் இந்தக் கரையைத் தெரிந்துகொண்டது முத்தைக் கொண்டுதான்.

ரோமாபுரியில் பிளினி என்றோர் அறிஞர் இருந்தார். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவர். மன்னர் ஒருவருக்கு ஒருகாலத்தில் மனைவியாக இருந்த லொல்லியா பவுலினா என்னும் சீமாட்டியைத் தாம் நேரில் கண்ட காட்சியை அவர் எழுதிவைத்திருக்கிறார். அது பெரிய அரச விழா அன்று. ஒரு சாதாரண நிச்சயதார்த்த விருந்து. அதற்கே அந்த அம்மையார் தலை, கூந்தல், காது, கழுத்து, விரல் எல்லாம் மரகதமும் முத்துமாக வந்திருந்தார். மதிப்பு நான்கு கோடி செஸ்டர்ஸ் என்னும் ரோம நாணயம். யாரேனும் ஐயுற்றால் உடனே எடுத்துக் காட்ட அந்த நகைகளுக்குரிய கணக்குச் சீட்டுகளும் ஆயத்தமாக இருந்தனவாம். அத்தனையும் அவருடைய பாட்டனார் கீழை நாடுகளில் அதிகாரம் செலுத்தியபோது வாரிச் சேர்த்தவை. இந்தியாவுக்கும் சீனாவுக்கும் அரபு நாட்டுக்குமாக ஆண்டுதோறும் பத்துக் கோடி செஸ்டர்ஸ் போய்விடுகிறதே என்று பிளினி வேறோர் இடத்தில் மனம் நொந்து கொள்கிறார்.

அந்த அம்மையார் அணிந்த முத்துகள் எல்லாம் கொற்கையில் எடுத்தவை என்று சொல்வதற்கில்லை. ஆனால் கொற்கை முத்து மேலைநாட்டுச் சந்தைகளுக்குப் போய்க்கொண்டிருந்த நூற்றாண்டு அது. தாமிரபரணி கடலோடு கலந்த இடத்தில் பாண்டியரின் துறைமுகமாக விளங்கிய கொற்கை, இன்று கடல் பின்வாங்கிப் போய், வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூராக இருக்கிறது. அந்தக் காலத்துக் கடலோடி ஒருவர் கிரேக்க மொழியில் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்னும் வழிக்குறிப்பில் கொற்கை முத்துக்குளிப்பைப் பற்றி ஒரு வரி வருகிறது. குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்பதே அந்த வரியின் செய்தி. ஒரு முனையில் விருந்து மண்டபமும் கணக்குச் சீட்டும். மறுமுனையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலில் இறங்கிய கைதி. இருவரும் ஒருவரையொருவர் அறிந்ததில்லை.

ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கழித்து வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ இந்தக் கரைக்கு வந்தார். அப்போது துறைமுகம் காயலுக்கு மாறியிருந்தது. தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் இடையே உள்ள பழைய காயலே அது என்பர். பாண்டிய மன்னரை அவர் வருணிக்கும் பகுதி வியப்பைத் தருவது. மற்ற குடிமக்களைப் போல அரசரும் இடையில் ஒரு துணியே உடுத்தியிருந்தார், சட்டை இல்லை. அந்த நாட்டில் தையற்காரரையே தேட வேண்டியதில்லை என்று போலோ வேடிக்கையாகச் சொல்கிறார். ஆனால் கழுத்திலும் கையிலும் காலிலும் கால்விரல்களிலும் அவர் அணிந்திருந்த மணிகளின் விலைக்கு ஒரு நகரத்தையே வாங்கலாமாம். மார்பில் தொங்கிய பட்டுக் கயிற்றில் 104 முத்தும் மாணிக்கமும் கோக்கப்பட்டிருந்தன. நாள்தோறும் காலையும் மாலையும் 104 முறை இறைநாமம் சொல்ல வேண்டும். அதை எண்ணுவதற்காகவே அந்த மாலை.

அந்த அரசர் அமர்ந்தது தரையில். அரசரும் பிரபுக்களும் ஏன் இப்படி வெறுந்தரையில் உட்காருகிறீர்கள் என்று அயலார் கேட்டபோது, மண்ணிலிருந்து வந்தோம், மண்ணுக்கே திரும்பப் போகிறோம், ஆகவே மண்ணில் அமர்வது பெருமையே என்று விடை கிடைத்ததாகப் போலோ குறிக்கிறார். ஒரு நகரத்தின் விலையை உடம்பில் சுமந்துகொண்டு தரையில் அமர்ந்து நாமம் எண்ணிய அரசரை ஆடம்பரப் பிரியர் என்பதா, எளியவர் என்பதா? அந்த மாலையின் 104 மணிகளை உருத்திராக்கமாக மாற்றியிருந்தாலும் எண்ணிக்கை குறைந்திருக்காது. ஆனாலும் அரசர் மார்பில் முத்து கிடந்ததில் பெருங்குற்றம் எதுவும் சொல்லத் தோன்றவில்லை. குற்றம் வேறிடத்தில் இருந்தது.

முத்து விற்ற பணம் குதிரைக்குப் போயிற்று. ஓர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து வந்த கப்பல்கள் காயலில் குதிரைகளை இறக்கின. அரசரும் அவருடைய உடன்பிறந்தார் நால்வரும் தனித்தனியே ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்கினர். ஆண்டு முடிவில் அவற்றில் நூறுகூட உயிரோடு இருப்பதில்லையாம். குதிரைக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர் இங்கே இல்லை. வணிகர்களும் அப்படிப்பட்டவரை இந்தக் கரைக்கு வரவிடுவதில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விலைபோகும்! கடலுக்கடியில் மூச்சு முட்டி எடுத்த செல்வம் லாயத்தில் செத்து விழுந்தது. அடுத்த ஆண்டும் கப்பல் வந்தது. அடுத்த ஆண்டும் வாங்கினார்கள். அரச குடும்பத்தில் பங்காளிச் சண்டை மூண்டிருந்த வேளையில், 1311-இல் மாலிக் காபூரின் படை மதுரை வரையில் வந்து, எஞ்சியதை யானை மேல் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

அரசர்கள் மாறினார்கள், போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் வந்தார்கள். குளிப்பவரின் நிலை மட்டும் பெரிதாக மாறவில்லை. 'சலாபம்' என்று இக்கரையார் அழைத்த முத்துக்குளிப்புக் காலம் மாசி பங்குனியில், கடல் அமைதியாக இருக்கும் நாள்களில் நடக்கும். நள்ளிரவு கடந்து கரைக்காற்றில் தோணிகள் புறப்படும். பொழுது விடிந்ததும் குளிப்பு தொடங்கும். கனமான கல் ஒன்றில் காலை வைத்துக்கொண்டு கயிற்றோடு இறங்கி, ஐந்தாறு ஆள் ஆழத்துக்கும் அதற்கு மேலும் போய், ஒரு நிமிடம், சிலர் சற்றுக் கூடுதலாக, மூச்சடக்கிச் சிப்பிகளை வாரிப் பையில் போட வேண்டும். மேலே கயிறு பிடித்திருப்பவரின் கவனமே அவருடைய உயிர். பெரும்பாலும் கத்தோலிக்கப் பரதவரும் இசுலாமியரும் செய்த தொழில் இது. சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று மந்திரம் சொல்வோர் மார்க்கோ போலோ காலத்திலேயே இருந்தார்கள். கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கு என்று அவர் எழுதியிருக்கிறார்.

ஆங்கிலேய அரசு நடத்திய சலாபங்களில் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவருக்கு. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் குளித்தவர் தம் பங்கைத் திறந்து பார்ப்பதில்லை. கரையேறியதும் கூடியிருக்கும் கூட்டத்தாரிடம் மூடிய சிப்பியாகவே எண்ணி விற்றுவிடுவார். முத்து இருந்தாலும் வாங்கியவருக்கு, இல்லாவிட்டாலும் வாங்கியவருக்கு. மொத்தமாக ஏலத்தில் எடுத்த வணிகர்கள் சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டு, அந்த நாற்றத்துக்கிடையே கழுவி முத்தைப் பொறுக்குவார்கள். அன்றாட அரிசிக்குக் காசு வேண்டியவருக்குப் பத்து நாள் பொறுத்து அழுகவைக்க நேரமேது? பல தலைமுறையாக முத்தெடுத்த குடும்பத்தில், தம் கையால் எடுத்த சிப்பிக்குள் என்ன இருந்தது என்பதை அறியாமலே மறைந்தவர்கள் எத்தனை பேரோ. கடைசிச் சலாபம் 1961-இல் நடந்தது. அதற்குப் பிறகு பார்களில் குளிப்பு நடத்தும் அளவுக்குச் சிப்பி விளையவில்லை.

இவ்வாறு குளித்தவர் வாழ்வை 'எளிய வாழ்வு' என்று புகழ்வோர் உண்டு. மேடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இருப்பதைக் கொண்டு நிறைவடைவது எளிமை. இல்லாததால் அடங்கிக் கிடப்பதற்கு வேறு பெயர். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது, பசித்தவரை உண்ணாநோன்பு இருப்பவர் என்று சொல்வதற்கு ஒப்பாகும். இந்த வேறுபாட்டை வேறு யாரையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது, அதே கரையில் கப்பல் விட்ட ஒருவரின் வாழ்வு.

வ.உ.சிதம்பரம் பிள்ளை 1872-இல் ஒட்டப்பிடாரத்தில் வக்கீல் குடும்பத்தில் பிறந்தார். தாமும் வக்கீலானார். 1900-ஆம் ஆண்டு தூத்துக்குடிக்குக் குடிவந்தார். தொழில் நன்றாக நடந்தது. வீட்டில் விருந்தினருக்குக் குறைவில்லை. சுப்பிரமணிய சிவா தூத்துக்குடிக்கு வந்தபோது தங்கியதும் அந்த வீட்டில்தான். சைவ நூல்களில் தோய்ந்த மனம். தமிழ்ச் சுவையில் ஊறிய நாக்கு. கொடுத்துப் பழகிய கை. சிக்கனக்காரர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. விரும்பியிருந்தால் நிலமும் வீடும் வாங்கி, கோயில் திருவிழாவில் கட்டளைதாரராகப் பட்டு உடுத்தி முன்வரிசையில் நின்று வாழ்நாளைக் கழித்திருக்கலாம்.

அவர் வாங்கியது கப்பல். 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் பத்து லட்ச ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாலவனத்தம் ஜமீன்தாரும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் தோற்றுவித்தவருமான பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் இரண்டு லட்ச ரூபாய்க்குப் பங்கு எடுத்தார். எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. குதிரை இறக்கிய கடலில், இந்த நாட்டவரின் சரக்கையும் இந்த நாட்டவரையும் ஏற்றிக்கொண்டு இந்த நாட்டவரின் கப்பல் போயிற்று. பார்க்கத் திரண்டவர்களுக்கு அது திருவிழாத் தேரோட்டம் போல இருந்திருக்க வேண்டும்.

அதுவரை அந்தக் கடலைத் தனியுரிமையாக வைத்திருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. ஆளுக்கு ஒரு ரூபாய் என்றது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாய் என்றது. உடனே எதிரிகள், காசே வேண்டாம், இலவசமாக ஏறுங்கள் என்று அறிவித்து, ஏறியவர்களுக்கு ஒரு குடையும் அன்பளிப்பாகக் கொடுத்தார்கள்.

மழை குறைந்த ஊர் தூத்துக்குடி. உப்பு விளைவதே அதனால்தான். அப்படிப்பட்ட ஊரில் குடை! ஆனால் அந்தக் காலத்தில் குடை பிடித்து நடப்பது ஒரு கௌரவம். பட்டும் முத்தும் வாங்க வழியில்லாதவருக்கும் கைக்கெட்டிய ஆடம்பரம் அது. ஆடம்பரம் என்றவுடன் மாளிகையும் பொன்னும் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் பெரும்பாலோரை விலைக்கு வாங்கியது அதைவிட மிகச் சிறிய பொருள். வ.உ.சி. சிறைக்குப் போன பிறகு, 1909 வாக்கில், சுதேசிக் கப்பல்கள் ஏறக்குறைய வெறுமையாகவே ஓடின. இலவசமாகக் கிடைத்ததை வேண்டாம் என்று மறுப்பதற்கு ஒரு வலிமை வேண்டும். பரம்பரைப் பணக்காரருக்கு அது எளிது. நான்கு பிள்ளைகளோடு கொழும்புக்குக் கூலிவேலைக்குப் போகிறவருக்கு அரை ரூபாயும் பெரிது. அவரை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. ஆனால் குடைகள் அவர் வீட்டு வாசலில் மட்டும் விரிந்தன என்றும் சொல்வதற்கில்லை.

1908-ஆம் ஆண்டு தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தி வெற்றி கண்ட சில நாள்களிலேயே, மார்ச்சில் அவர் கைதானார். ஜூலையில் தீர்ப்பு வந்தது: இரண்டு ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியில் அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கியவர், மீளவே இல்லை. கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாக வ.உ.சி. செக்கில் பூட்டப்பட்டார். அவர் இழுத்த செக்கு இன்று சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றி நடந்து பார்ப்பவருக்குச் சில நொடிகளில் சுற்று முடிந்துவிடும்.

பெரிப்ளூஸ் குறிப்பிட்ட கைதிகள் முத்தெடுத்தார்கள்; இந்தக் கைதி எண்ணெய் எடுத்தார்.

அந்தச் சிறையில் இருந்துகொண்டே அவர் ஜேம்ஸ் ஆலனின் நூல் ஒன்றை 'மனம் போல வாழ்வு' என்று தமிழாக்கினார். தம் வாழ்க்கையை அகவற்பாவில் எழுதத் தொடங்கினார். 1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறையிலிருந்து விடுதலையானபோது வாசலில் காத்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. கம்பெனி அதற்கு முந்திய ஆண்டே கலைக்கப்பட்டுவிட்டது. கப்பல்கள் கைமாறிவிட்டன. வக்கீல் சன்னதும் பறிபோயிற்று.

இதற்குப் பிந்திய வாழ்வைத்தான் எளிமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிவிட்டுப் பேச்சாளர்கள் அமர்ந்துகொள்கிறார்கள். சென்னையில் வீடு மாறி வீடு மாறிக் குடியிருந்தார். சிறு கடைகள் நடத்திப் பார்த்தார்; கைகூடவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டிக் காந்தியடிகளிடம் கொடுத்த பணம் ஒன்று இருந்தது. 1915-இல் அதைப் பற்றிக் கடிதப் போக்குவரத்து நடந்தது. வ.உ.சி. தம் முடையை மறைக்கவில்லை. அந்தப் பணம் தமக்குத் தேவை என்று வெளிப்படையாகவே எழுதினார். 347 ரூபாய் 12 அணா வந்து சேர ஓராண்டுக்கு அருகாயிற்று. ஒருகாலத்தில் பத்து லட்ச ரூபாய்க் கம்பெனியை நடத்தியவர் அணாக் கணக்கோடு காத்திருந்தார். இதில் துறவின் அமைதியைத் தேடுவது பொய். காத்திருந்தவருக்கு வீட்டில் மனைவி மக்கள் இருந்தார்கள்.

பெரியபுராணத்தில் இளையான்குடி மாற நாயனார் கதையைக் கேட்காத குடும்பம் இருக்க முடியாது. நிறைந்த செல்வத்தில் அடியார்க்கு அமுதளித்தவர், செல்வம் தேய்ந்த பின்னும் அளித்தார். மழை கொட்டிய இரவில் வந்த அடியவருக்காக, பகலில் விதைத்த நெல்லை இருட்டில் வாரிவந்தார். வீட்டுக் கூரை மரத்தை வெட்டி விறகாக்கினார். வேர் பிடிக்காத இளங்கீரையைப் பறித்துக் கறியாக்கச் சொன்னார். சேக்கிழார் பெருமான் அங்கே வறுமையைப் பாராட்டவில்லை. வறுமை வந்தும் அவர் கை மூடாததையே போற்றுகிறார். நாயனாருக்கு இறுதியில் இறைவன் உமையம்மையோடு காட்சி கொடுத்தான். குபேரன் ஏவல் செய்யும் வாழ்வும் கிடைத்தது. அவர் ஊரார் அவருக்கு என்ன செய்தார்கள் என்பதைப் பற்றிப் பேச்சில்லை. வ.உ.சி.யின் கதையில் அந்தக் கேள்வி தப்பாமல் எழுகிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது உப்பு விளையும் ஊருக்கே தெரிந்த பழமொழி ஆயிற்றே.

நினைக்கத் தெரிந்தவர் வ.உ.சி.தான். வாலேஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் துணையால் பறிபோன வக்கீல் சன்னது திரும்பக் கிடைத்தது. அதற்கு நன்றியாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். ஆங்கிலேயர் ஆட்சி தம்மைச் செக்கில் பூட்டியது என்பதும், ஆங்கிலேயர் ஒருவர் தமக்குச் சோறு போட்டார் என்பதும் அவர் மனத்தில் ஒன்றை ஒன்று அழித்துவிடவில்லை. அவன் பெயரைச் சொல்லி அழைத்த போதெல்லாம் அந்த வீட்டில் ஒரு கடன் நினைவுகூரப்பட்டது.

சன்னது கிடைத்தும் பழைய வருவாய் திரும்பவில்லை. கோவில்பட்டியில் சில காலம் தொழில் செய்துவிட்டு 1932-இல் மீண்டும் தூத்துக்குடிக்கே வந்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் கைப்பொருள் செலவாகும் வேலையை அவர் விட்டாரா என்றால், இல்லை. திருக்குறளுக்கு மணக்குடவர் செய்த உரையை, அறத்துப்பால் அளவில், 1917-இல் பதிப்பித்தார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் செய்த உரையையும் அச்சேற்றினார். ஓலையில் மறைந்து கிடந்த பழைய உரைக்கு அச்சுக்கூலியும் காகிதச் செலவும் செய்து கொண்டிருந்த அதே வீட்டில், மளிகைக்குக் கடன் சொல்லிக் கொண்டிருந்தார்கள். உலகியல் தெரிந்தவர்கள் இதை ஊதாரித்தனம் என்பார்கள். அவருடைய வீட்டாரும் அப்படி ஒரு நாளாவது நினைத்திருக்கக் கூடும். நினைத்திருந்தால் அது தவறும் ஆகாது. கப்பல் போன பிறகும் அவருக்குப் பெருஞ்செலவின் மேல் இருந்த ஆசை போகவில்லை. செலவு யாருக்காக என்பதுதான் எப்போதும் போலவே இருந்தது.

இறப்பதற்கு முந்திய ஆண்டில், 1935-இல், மெய்கண்ட தேவரின் சிவஞானபோதத்துக்கு அவர் எழுதிய உரை வெளிவந்தது. பன்னிரண்டு சூத்திரங்களைக் கொண்ட அந்தச் சிறு நூல் சைவ சித்தாந்தத்தின் தலையூற்று. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும் மாயையிலிருந்து இறைவன் உயிர்களுக்குத் தருகிறான் என்பது சித்தாந்தம். உடம்பு, மனம் முதலிய கருவிகள், வாழும் உலகம், நுகரும் பொருள் ஆகிய நான்கு. சித்தாந்தம் போகத்தைப் பாவம் என்று தள்ளவில்லை. ஆணவ இருளில் கிடக்கும் உயிர் வழி தெரிந்து நடக்க இறைவன் கொடுத்துவைத்த கைவிளக்கு அது. விளக்கை எனது என்று அணைத்துக்கொண்டு உட்கார்ந்து விட்டால் நடந்தபாடில்லை. லொல்லியா பவுலினாவின் கணக்குச் சீட்டை இந்த வெளிச்சத்தில் படித்துப் பார்க்கலாம். 104 முத்தை எண்ணிய பாண்டியரையும், அவர் லாயத்தில் செத்த குதிரைகளையும்கூட.

இந்த உரையை எழுதியவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. எதிரே தெரிந்த கடலில் மற்றவர்களின் கப்பல்கள் வந்து போயின. சூத்திரத்துக்குப் பதவுரை எழுதிக் கொண்டிருந்தபோது வாசலில் கடன்காரர் குரல் கேட்டிருக்குமோ, கேட்டு எழுந்து போயிருப்பாரோ. போகம் என்ற சொல்லுக்குப் பொருள் எழுத அவரைவிடத் தகுந்தவர் இல்லை: வந்த போகத்தையும் பார்த்தவர், போன போகத்தையும் பார்த்தவர்.

1961-இல் அவர் வாழ்க்கை 'கப்பலோட்டிய தமிழன்' என்ற திரைப்படமாக வந்தது. கடைசி முத்துச் சலாபம் நடந்த அதே ஆண்டு. கொட்டகையில் செக்கிழுக்கும் காட்சி வந்தபோது அழாதவர்கள் இல்லை என்பார்கள். 2011-இல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் துறைமுகம் என்று பெயர் சூட்டப்பட்டது.

1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் அவர் உயிர் பிரிந்தது. காங்கிரஸ் அலுவலகத்தில் கண்மூட வேண்டும் என்று விரும்பி அங்கே தூக்கிவரச் செய்திருந்தார். அதற்கு முன்பே ஓர் உயில் எழுதிவைத்தார். பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கும் சொத்து விவரம் நீளமாக இருக்கும் என்று எண்ணி அதைப் படிப்பவர் ஏமாந்துபோவார். தாம் யார் யாருக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை அவர் அதில் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். ஜவுளிக் கடைப் பாக்கி இருக்கிறது. எண்ணெய்க் கடைப் பாக்கி இருக்கிறது. கடைக்காரர் பெயரும் தொகையும் விடுபடாமல் இருக்கின்றன.